டைனோசர் காலத்தில் கார்பன் டை ஆக்சைடு மிகுதி என்றால், இன்றைய உயர்வுக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை நான். சுற்றுச்சூழல் பாடத்தின்போது என் மாணவி ஒருத்தி எழுப்பிய கேள்வியை இங்கே வைக்கிறேன். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தின் பெரும்பகுதியில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு இன்றைய அளவைவிட மிகுதியாக இருந்தது என்று அவள் படித்திருக்கிறாள். அப்போது துருவங்களுக்கு அருகில்கூடக் காடுகள் வளர்ந்தன, உயிர்கள் பல்கிப் பெருகின. அப்படியிருக்க, தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்காக இருந்த ஒரு வாயு 420 பங்கைத் தாண்டிவிட்டது என்பதற்காக உலகம் ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும் என்பது அவளுடைய கேள்வி. அவள் சொல்லும் செய்தி சரியானது. ஆகவே, ‘அது வேறு, இது வேறு’ என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

வகுப்பில் வேறு சிலர் இன்னொன்றையும் கேட்டார்கள். எரிமலைகளும் கடலும் காடுகளும்கூட இந்த வாயுவை வெளியிடுகின்றன. அவ்வாறாயின், கூடுதலாகச் சேர்ந்தது மனிதர்களால்தான் என்று எதை வைத்து உறுதியாகச் சொல்கிறார்கள்? சான்றுகள் எவை, அவை எப்படிக் கிடைத்தன என்பதை மாணவர்கள் பின்தொடரக்கூடிய அளவில் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

பாறைவாசகன்

அம்மா, வணக்கம். நிலவியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். உங்கள் மாணவி சொன்னதை முழுமையாக ஒப்புக்கொண்டே விடையைத் தொடங்குங்கள். நம் வளிமண்டலம் எக்காலத்திலும் ஒரே நிலையில் நின்றதில்லை.

பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். அதன் முற்பாதியில் காற்றில் தனி ஆக்சிஜன் இல்லை என்றே சொல்லிவிடலாம். நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும், ஓரளவு மீத்தேனும் கலந்த காற்று அது. அன்றைய சூரியன் இன்று தரும் ஒளியில் 70 முதல் 75 விழுக்காடு வரைதான் தந்தது. அத்தனை மங்கிய சூரியனின் கீழும் கடல்கள் உறைந்துபோகவில்லை. நீருக்கடியில் எரிமலைக் குழம்பு பாய்ந்து இறுகிய பாறைகள் 380 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவையாகவே கிரீன்லாந்தில் கிடைத்துள்ளன. வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயுக்கள் அன்று மிகுந்திருந்தன என்பதே இதற்குத் தரப்படும் முதன்மையான விளக்கம். பழங்காலத்து கார்பன் டை ஆக்சைடு அளவை இன்றைய அளவோடு ஒப்பிடுவோர் பலர், அன்றைய சூரியன் வேறு என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சூரியன் மெல்ல மெல்லப் பிரகாசமடைந்து வந்திருப்பதால், அதே அளவு வாயு பழங்காலத்தில் தந்ததைவிடச் சற்றே கூடுதலான வெப்பநிலையை இன்று தரும்.

ஆக்சிஜன் வந்த கதையை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஓர் உயிரினம் முழு வளிமண்டலத்தையும் மாற்றிய முதல் நிகழ்வு அதுதான். நீலப்பச்சைப் பாசிகள் ஒளிச்சேர்க்கையின் கழிவாக வெளியிட்ட ஆக்சிஜன், முதலில் காற்றுக்கு வந்து சேரவே இல்லை. கடல்நீரில் கரைந்திருந்த இரும்பு அதைப் பிடித்துக்கொண்டு ஆக்சைடாக அடியில் படிந்தது. ஆஸ்திரேலியாவின் ஹாமர்ஸ்லி மலைத்தொடரில் பட்டை பட்டையாகக் காணப்படும் இரும்புப் பாறைகள் அக்காலத்துக் கடலடிப் படிவங்களே. கர்நாடகத்தின் குதிரேமுக்கிலும், நம் சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலையிலும் இருப்பவை அதே இனத்தைச் சேர்ந்தவை. பிற்காலத்து வெப்பமும் அழுத்தமும் அவற்றை உருமாற்றிவிட்டன. வாய்ப்பிருந்தால் கஞ்சமலைக் கல் ஒன்றைக் கொண்டுவந்து வகுப்பில் காட்டுங்கள். கருநிற மாக்னடைட்டும் வெளிர்நிறக் குவார்ட்சும் மாறி மாறி வரும் வரிகளை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.

இப்படி ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டிருந்த பொருள்களால் ஈடுகொடுக்க முடியாத நிலை வந்தபோது, ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அது காற்றில் தங்கத் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதியில், அதற்கு முந்திய ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்த கூழாங்கற்களிடையே பைரைட் என்னும் இரும்புச் சல்பைடும் யுரேனியக் கனிமமும் உருண்டை மணிகளாக அப்படியே இருக்கின்றன. காற்றில் ஆக்சிஜன் இருந்திருந்தால் அவை ஆற்றிலேயே சிதைந்திருக்கும். பிற்காலத்து ஆற்றுப் படிவங்களில் அத்தகைய மணிகள் ஏறக்குறைய மறைந்துவிடுகின்றன. ஆக்சிஜனைத் தாங்க முடியாத நுண்ணுயிர்கள் சேற்றுக்குள்ளும் குடலுக்குள்ளும் ஒதுங்கியதன் தொடக்கம் அதுவே. அந்த மாற்றம் முழுமையடையக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கார்பன் டை ஆக்சைடுக்கு வருகிறேன். எரிமலைகள் அதை வெளியிடுகின்றன. மழைநீரில் கரைந்து அமிலமாகிச் சிலிக்கேட் பாறைகளை அரிக்கும்போது அது ஆறுகளின் வழியே கடலுக்குச் சென்று சுண்ணாம்புக் கல்லாகப் படிகிறது. வெப்பம் கூடினால் இந்த அரிப்பும் விரைவாகி வாயுவைக் குறைக்கும் என்பதால், பூமி மிகையாகச் சூடாவதையும் முற்றிலும் உறைவதையும் நீண்டகால நோக்கில் தடுத்து வந்தது இச்சுழற்சியே. ஆனால் அது சரிசெய்யும் கால அளவு லட்சக்கணக்கான ஆண்டுகள். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கையும் தாண்டியிருந்தது. பின்னர் அது படிப்படியாகக் குறைந்து, 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அன்டார்க்டிகாவில் பெரும் பனியுறை உருவானது. இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதி இமயமலை எழுந்ததும், புதிதாக வெளிப்பட்ட பாறைகள் அரிக்கப்பட்டதும் இக்குறைவுக்கு ஒரு காரணம் என்று கருதும் ஆய்வாளர்கள் உள்ளனர். அதில் விவாதம் இன்னும் முடியவில்லை.

உங்கள் மாணவியின் கேள்விக்கு விடை மாற்றத்தின் வேகத்தில்தான் இருக்கிறது. கடந்த பனியுகம் முடிந்தபோது, சுமார் 7,000 ஆண்டுகளில் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 80 பங்கு கூடியது. 1958-க்கும் 2024-க்கும் இடைப்பட்ட 66 ஆண்டுகளுக்குள் அது 100 பங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. இயற்கையில் இதற்கு ஓரளவு நெருங்கிய நிகழ்வு 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. சில ஆயிரம் ஆண்டுகளில் பெருமளவு கார்பன் காற்றிலும் கடலிலும் சேர்ந்தது. பூமியின் சராசரி வெப்பநிலை 5 டிகிரி அளவுக்கு உயர்ந்தது. ஆழ்கடல் தரையில் வாழ்ந்த ஓடுடைய நுண்ணுயிரினங்களில் பல அற்றுப்போயின. பழைய நிலை திரும்ப ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்நிகழ்வில் ஆண்டுதோறும் வெளியான கார்பனைவிட நாம் இன்று ஆண்டுதோறும் வெளியிடுவது பல மடங்கு என்பதே இதுவரையிலான மதிப்பீடுகள் காட்டும் செய்தி.

டைனோசர் காலத்து உயிர்கள் அக்காலத்துக் காற்றுக்குப் பல லட்சம் ஆண்டுகளில் பழகியவை. மனித இனத்தின் வயது 3 லட்சம் ஆண்டுகள். வேளாண்மையின் வயது 12,000 ஆண்டுகளுக்குள். உலகின் பெரிய டெல்டாக்கள், பனியுகத்துக்குப் பிந்திய கடல்மட்ட உயர்வு தணிந்த பின்பு, கடந்த 8,000 ஆண்டுகளுக்குள்தான் இன்றைய வடிவுக்கு வந்தன. கார்பன் டை ஆக்சைடு கடைசியாக 400 பங்கையொட்டி இருந்தது 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது கடல்மட்டம் இன்றைவிடப் பல மீட்டர் உயர்ந்திருந்தது. அவ்வளவு உயரத்துக்குக் கடல் வந்தால் உயிரினம் என்ற பொதுப் பொருளில் பூமிக்கு எந்தக் கேடும் இல்லை. நாகப்பட்டினத்துக்கும் டாக்காவுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் அது பேரிழப்பு.

கரிமத்தடம்

இரண்டாம் கேள்விக்கு நான் எழுதுகிறேன். வளிமண்டல வேதியியலில் ஆய்வு செய்பவன். மாணவர்களுக்கு ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களை) சொல்வதற்கு முன், ஓர் எளிய கணக்கைப் போடச் சொல்லுங்கள்.

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் ஆகியவற்றால் உலகம் இப்போது ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. காடழிப்பு போன்ற நிலப்பயன்பாட்டு மாற்றங்களால் ஏறத்தாழ 400 கோடி டன் சேர்கிறது. காற்றில் அதன் அளவு பத்து லட்சத்தில் ஒரு பங்கு உயர வேண்டுமானால் 780 கோடி டன் தங்க வேண்டும். உண்மையில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டரைப் பங்கு உயர்கிறது. அதாவது 1,900 கோடி டன்னையொட்டிக் காற்றில் தங்குகிறது. நாம் வெளியிட்டதில் பாதிக்குமேல் காணாமல் போயிருக்கிறது. அதை எடுத்துக்கொண்டவை கடலும் காடுகளும் மண்ணும்தான். இயற்கை ஒட்டுமொத்தமாக வாயுவை ஏற்றுக்கொண்டிருக்கும்போது, உயர்வுக்கு அதுவே காரணமாக இருக்க வழியில்லை. எரிமலைகள் அனைத்தும் சேர்ந்து வெளியிடுவது மனிதர் வெளியிடுவதில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. கடல் இந்த வாயுவை வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் அதன் அமிலத்தன்மை குறைந்திருக்க வேண்டும். மாறாக, தொழிற்புரட்சிக்குப் பின் மேற்பரப்புக் கடல்நீரின் பிஎச் மதிப்பு 8.2-லிருந்து 8.1-ஆக இறங்கியிருக்கிறது. சிறிய எண்ணாகத் தோன்றினாலும், ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு ஏறத்தாழ 30 விழுக்காடு கூடிவிட்டது என்பதே அதன் பொருள்.

இனி ஐசோடோப்புச் சான்று. கார்பன்-14 சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் கதிரியக்கக் கார்பன். பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில் அது அறவே இருக்காது. அந்நிலக்கரியை எரித்தால் காற்றிலுள்ள கார்பன்-14 இன் விகிதம் நீர்த்துப்போக வேண்டும். ஹான்ஸ் சூஸ் என்னும் வேதியியலாளர் 1950-களில், அணுகுண்டுச் சோதனைகள் அந்த விகிதத்தைக் குழப்புவதற்கு முன் வளர்ந்த மரவளையங்களில் விகிதம் இவ்வாறு நீர்த்திருப்பதைக் கண்டறிந்தார். கார்பன்-13 வேறொரு தடயம். தாவரங்கள் இலேசான கார்பன்-12-ஐயே விரும்பி ஏற்பதால் நிலக்கரியிலும் எண்ணெயிலும் கார்பன்-13 குறைவு. எரிமலை வாயுவில் அத்தகைய குறைவு இல்லை. காற்றிலுள்ள கார்பன்-13 இன் விகிதம் தொடர்ந்து குறைந்து வருகிறது. இரண்டு சான்றுகளையும் சேர்த்துப் பார்த்தால், வந்து சேர்ந்த கார்பன் தாவரத்திலிருந்து தோன்றியது, அதோடு மிகப் பழையது என்பது தெளிவாகிறது. அந்த விவரத்துக்குப் பொருந்துவது புதைபடிவ எரிபொருள் மட்டுமே.

அளவீட்டின் வரலாறும் மாணவர்கள் அறிய வேண்டியது. சார்லஸ் கீலிங் 1958-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் அளக்கத் தொடங்கினார். முதல் ஆண்டுகளின் அளவு 315 பங்கு. ஓர் ஆண்டுக்குள் அளவு ஏறி இறங்குவதை அவர் முதலில் கண்டார்: வடகோளத்துத் தாவரங்கள் கோடையில் வாயுவை எடுத்துக்கொள்வதால் மே மாதத்தில் உச்சமும் செப்டம்பரையொட்டித் தாழ்வும் வருகின்றன. அந்த ஏற்ற இறக்கத்தின் மீது ஆண்டுக்கு ஆண்டு உயரும் போக்கு சில ஆண்டுகளிலேயே புலப்பட்டது. அதற்கு முந்திய காலத்தைக் காட்டுபவை பனிக்குமிழிகள். அன்டார்க்டிகாவின் டோம் சி என்னுமிடத்தில் 3,200 மீட்டருக்கும் மேல் துளையிட்டு எடுத்த பனித்தண்டுகளுக்குள் 8 லட்சம் ஆண்டுகளின் காற்று சிறைப்பட்டிருந்தது. அவ்வளவு நீண்ட காலத்திலும், பனியுகங்கள் வந்து வந்து போனபோதும், கார்பன் டை ஆக்சைடு 180-க்கும் 300-க்கும் இடையிலேயே நின்றது.

உயர்ந்த வெப்பத்துக்குச் சூரியன் காரணமாக இருக்கக்கூடாதா என்று அடுத்து யாரேனும் கேட்பார்கள். சூரியன் காரணமானால் தரை முதல் மேலடுக்கு வரை எல்லாமே சூடாக வேண்டும். ஆனால் தரையையொட்டிய காற்று சூடாகும்போது, அதற்கு மேலுள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் என்னும் காற்றடுக்கு குளிர்ந்து வருவதைச் செயற்கைக்கோள்களும் பலூன்களும் பதிவு செய்துள்ளன. கார்பன் டை ஆக்சைடு கூடினால் இவ்வாறே நிகழும் என்று சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967-லேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தனர்.

வைகைக்கரை

ஐயா, இருவருக்கும் மிக்க நன்றி. பாதி எங்கே போயிற்று என்ற கணக்கை நாளைய வகுப்பிலேயே போடச் சொல்லப்போகிறேன். மேலும் இரண்டு ஐயங்கள். எரிபொருளை எரிக்கவும் காடுகளை அழிக்கவும் செய்தால் ஆக்சிஜன் தீர்ந்துவிடும் என்று மாணவர்கள் பெரிதும் அஞ்சுகிறார்கள். அதுபோல, ஓசோன் படலத்து ஓட்டை வழியாக வெயில் நுழைவதே புவி வெப்பமாதல் என்று வகுப்பில் பாதிப் பேர் எழுதுகிறார்கள். இவற்றை எப்படித் தெளிவுபடுத்துவது?

கரிமத்தடம்

ஆக்சிஜன் குறைவது உண்மை. சார்லஸ் கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் அதைத் துல்லியமாக அளந்து வருகிறார். பத்து லட்சத்தில் 2,09,500 பங்கு இருக்கும் ஆக்சிஜனில் ஆண்டுக்குச் சுமார் 4 பங்கு குறைகிறது. நூறு ஆண்டுகள் இப்படியே போனாலும் 20.95 விழுக்காடு 20.91-ஐயொட்டி வரும். கொடைக்கானலுக்கு ஏறுபவர் ஒவ்வொரு மூச்சிலும் பெறும் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது என்பதோடு ஒப்பிட்டால் இது மூச்சுக்கு எந்த இடரும் தராது. எரிதலால் ஆக்சிஜன் செலவாகிறது என்பதற்குச் சான்றாகவே இக்குறைவு எங்களுக்குப் பயன்படுகிறது.

அமேசான் காடு உலகின் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கைத் தருகிறது என்று பரவலாகச் சொல்லப்படுவது தவறு. அக்காடு பகலில் வெளியிடுவதை, அதன் சுவாசமும் அங்கே மக்கும் இலை தழைகளும் ஏறக்குறைய முழுவதுமாகத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. காற்றில் ஆக்சிஜன் சேர்ந்தது, உயிர்ப்பொருளில் ஒரு சிறு பகுதி மக்காமல் மண்ணுக்குள்ளும் கடலடியிலும் புதைந்ததால்தான். கோடிக்கணக்கான ஆண்டுகள் நடந்த அந்தப் புதைப்பின் ஒரு பகுதியே நிலக்கரி. அமேசானைக் காக்க வேண்டியதற்கு அதன் கார்பன் இருப்பும் மழையும் பல்லுயிர்களும் போதுமான காரணங்கள்.

மழைக்கோள்

ஓசோன் குறித்து நான் சொல்கிறேன். சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் ஆக்சிஜனிலிருந்தே உண்டாவது. பாறைவாசகன் ஐயா எழுதிய அந்த மாற்றத்துக்குப் பின்பே பூமிக்கு அது வாய்த்தது. குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளூரோ கார்பன்கள் மேலே சென்று சிதைந்து, வெளிப்படும் குளோரின் ஓசோனை அழிக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-இல் எழுதினர். 1985-இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் ஆகிய மூவரும் அன்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்தில் வசந்தகால ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதை வெளியிட்டனர். இரண்டே ஆண்டுகளில், ஓசோனை அழிக்கும் அப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. அன்டார்க்டிகாவின் மேலுள்ள ஓசோன் 2066-ஐயொட்டி 1980-இன் நிலைக்குத் திரும்பும் என்பது 2022-ஆம் ஆண்டின் பன்னாட்டு மதிப்பீடு.

ஓசோன் குறைவதால் கூடுவது புற ஊதாக் கதிர். புவி வெப்பமாதல் அதனால் நிகழ்வதில்லை. ஆனால் இரண்டையும் இணைக்கும் உண்மையான கண்ணி ஒன்று உண்டு. மதுரையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வீரபத்ரன் ராமநாதன், அதே குளோரோஃபுளூரோ கார்பன்கள் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிமை கொண்டவை என்று 1975-இல் காட்டினார். அதனால் மான்ட்ரியல் உடன்படிக்கை ஓசோனைக் காத்ததோடு, பெருமளவு வெப்பமாதலையும் தவிர்த்தது. அவற்றுக்கு மாற்றாக வந்த ஹைட்ரோஃபுளூரோ கார்பன்களும் வெப்பத்தைக் கூட்டுபவை என்பதால், 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் அவற்றையும் படிப்படியாகக் குறைக்க நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தப் பகுதியை நடத்தும்போது நம் ஊர்க்காரர் ஒருவரின் பெயரைச் சொல்ல மறந்துவிடாதீர்கள், அம்மா.

குறுவைப்பட்டம்

கேட்கப்படாத ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நெல் வயலோடு நாள்தோறும் பழகுபவன் என்பதால் இது எனக்கு முக்கியம். கார்பன் டை ஆக்சைடு கூடினால் பயிர் செழிக்குமே என்ற கேள்வி உங்கள் வகுப்பில் எழும். நெல்லின் ஒளிச்சேர்க்கை அதனால் ஓரளவு கூடுவது மெய்யே. ஆனால் சீனாவிலும் ஜப்பானிலும் திறந்த வயல்களில் 18 நெல் இரகங்களை, காற்றில் 570 முதல் 590 பங்கு வரை கார்பன் டை ஆக்சைடு இருக்கும்படி வளர்த்துப் பார்த்த ஆய்வொன்று 2018-இல் வெளிவந்தது. அரிசியின் புரதம் சராசரியாக 10 விழுக்காடும், இரும்புச்சத்து 8 விழுக்காடும், துத்தநாகம் 5 விழுக்காடும் குறைந்திருந்தன. சோற்றையே பெரிதும் நம்பியிருக்கும் குடும்பங்களில் இரத்தசோகை ஏற்கெனவே மிகுதி என்பதை நினைத்தால் இந்த எண்கள் என்னை மிகவும் கலங்கச் செய்கின்றன. பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும் என்பதையும் இதோடு சேர்க்க வேண்டும்.

நெல் வயலும் காற்றை மாற்றுகிறது. நீர் தேங்கிய சேற்றில், ஆக்சிஜன் எட்டாத இடத்தில் வாழும் அந்தப் பழைய நுண்ணுயிர்களின் வழித்தோன்றல்களே, வெப்பத்தைப் பிடித்து வைக்கும் மற்றொரு வாயுவான மீத்தேனை உண்டாக்குகின்றன. தொழிற்புரட்சிக்கு முன் நூறு கோடியில் 700 பங்கையொட்டி இருந்த மீத்தேன் இன்று 1,900 பங்கைத் தாண்டிவிட்டது; நெல் வயலோடு கால்நடையும் எரிவாயுக் கசிவும் குப்பைமேடும் அதற்குக் காரணங்கள். கார்பன் டை ஆக்சைடின் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றில் நிற்கும்; மீத்தேனோ ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளில் சிதைந்துவிடும். எனவே அதைக் குறைத்தால் பலன் நம் வாழ்நாளிலேயே தெரியும். திருந்திய நெல் சாகுபடியில் நாம் செய்யும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறை (வயலைக் காயவிட்டு மீண்டும் நீர் பாய்ச்சுவது), வயலில் காற்றுப் புக இடம்கொடுத்து மீத்தேனைக் கணிசமாகக் குறைப்பதோடு தண்ணீரையும் மிச்சப்படுத்துகிறது. யூரியாவை மிகையாக இட்டு வயலைக் காயவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு கூடுதலாக வெளிப்படும். அதுவும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு; நூறு ஆண்டுகளுக்கு மேல் காற்றில் தங்குவது. ஆகவே இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட உதவும் இலை வண்ண அட்டையைப் பார்த்து, பயிர் கேட்கும்போது மட்டும் தழைச்சத்தைப் பிரித்து இடுவதையும் சேர்த்தே கடைப்பிடிக்க வேண்டும். உங்கள் மாணவர்களில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால், அந்த அட்டையை ஒருநாள் வகுப்புக்கு எடுத்துவரச் சொல்லுங்கள்.